முக்கால் அகப்பை

போருக்கு முன் சித்தானா தேநீர் விற்றவள்.
ஓம்துர்மான் பேருந்து நிலையத்து வேம்பின் கீழ்
நாலு முக்காலி, ஒரு கரி அடுப்பு,
இஞ்சி தட்டிப் போட்ட காப்பிக்குத் தனி விலை.
மாதம் இருமுறை நகராட்சிக்காரர்கள் வந்து
அடுப்பைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.
அபராதம் கட்டி மீட்டு வருவாள்.
அதே அடுப்பு.
அதில்தான் இன்று முதல் பானைக்கு நெருப்பு பிடிக்கிறோம்.

அறுநூற்று நாற்பது பேர்.
எண்ணியவள் இக்லாஸ், கணக்கு டீச்சர்.
பள்ளிக்கூடம் இடிந்தபின் வாசல் வாசலாகப் போய்க் கேட்கிறாள்:
இங்கே எத்தனை வாய்,
யாருக்குச் சர்க்கரை நோய், யாருக்கு எட்டாம் மாதம்.
அதே நோட்டின் பின்பக்கத்தில் இன்னும்
ஏழாம் வகுப்பு மதிப்பெண்கள்.
சில பெயர்கள் இரண்டு பக்கத்திலும் இருக்கின்றன.
சில, மதிப்பெண் பக்கத்தில் மட்டும்.

நான் அகப்பை பிடிப்பவள்.
சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பது
சமாதான காலத்துப் பேச்சு.
இரண்டு மூட்டை பருப்பு, ஒரு மூட்டை சோளம்,
கழுதை வண்டி வந்தால் தண்ணீர்,
எரிக்க, ஆள் போய்விட்ட வீடுகளின் கதவு நிலைகள்.
கூட்டம் கூடினால் மேலே சுற்றுகிற ட்ரோனுக்குத் தெரியும்;
அதனால் ஒரு வரிசையை நான்காகக் கிழித்து
நான்கு முற்றங்களில் வைத்தாள் சித்தானா.
நாலு மடங்கு நடை. எங்கள் கால்கள் அவளைத் திட்டின.

பிறகு அகப்பையின் உட்புறம் ஆணியால் ஒரு கோடு கீறினாள்.
முக்கால்.
"இதுக்கு மேலே உன் தம்பிக்கும் கிடையாது."
என் தம்பி அன்று மூன்றாவது முற்றத்தில் நின்றான்.
முகத்தைப் பார்க்கவில்லை,
கோட்டைப் பார்த்து ஊற்றினேன்.

புதன்கிழமை துப்பாக்கியோடு ஐந்து பேர்.
வரிசையில் நிற்கவில்லை.
அவள் எதிர்த்து நிற்பாள் என்று நினைத்தேன்,
கதைகளில் அப்படித்தான்.
"உட்காருங்க பிள்ளைகளா" என்றாள்.
ஆளுக்கு இரண்டு அகப்பை, விளிம்புவரை ஊற்றச் சொன்னாள்.
ஊற்றினேன்.
அதில் ஒருவன், பதினேழு வயது இருக்கும்,
கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான்.

அன்றிரவு பானையை அதன் தோல் உரியத் தேய்த்தேன்.
சித்தானா இருட்டில் விரல் மடக்கிக்கொண்டிருந்தாள்.
"பதின்மூணு பேர் சாப்பாடு போச்சு.
பானை மிஞ்சிச்சு. நீங்க மிஞ்சினீங்க."
மறுநாள் பருப்பில் ஒரு குடம் தண்ணீர் அதிகம்.
இன்றும் எனக்கு அது சரியா என்று தெரியாது.

சனிக்கிழமை, செயற்கைக்கோள் இணையம் வாடகைக்கு விடும் கடையில்
நைரோபியிலிருந்து ஒரு குரல். நல்ல குரல்தான்.
வெங்காயத்துக்கு ரசீது உண்டா?
வெங்காயக்காரனுக்குக் கடை இல்லை,
கடை இருந்த தெருவும் இல்லை.
உங்கள் குழுவுக்குத் தலைவர் யார்?
இக்லாஸ் நோட்டைப் பார்த்தாள்.
இரவெல்லாம் ஒரு பிரசவம் பார்த்துவிட்டு வந்த மருத்துவச்சி ராபிஹா
கொட்டாவியோடு என்னைப் பார்த்தாள்.
நான் சித்தானாவை.
அவளோ தலைச்சீலை நுனியில் முடிந்திருந்த காசை அவிழ்த்து
இன்னும் எத்தனை நிமிடம் பேசலாம் என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.
"அடுப்புக்காரின்னு எழுதிக்கச் சொல்லு.
சீக்கிரம்."

மூன்று வாரம் கழித்துப் பணம் வந்தது, கேட்டதில் பாதி.
நான்கு மூட்டை பருப்பு, எண்ணெய், கொஞ்சம் பால்மாவு.
சித்தானா ஆணியைத் தேடி எடுத்தாள்.
பழைய கோட்டுக்கு மேலே, ஒரு நக அகலம் தள்ளி,
இன்னொரு கோடு.

கீழே இருப்பதைத் தேய்த்து அழித்துவிடட்டுமா என்றேன்.
புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு
தெருமுனையையே பார்த்தாள் கொஞ்ச நேரம்.
"இருக்கட்டும்."